கட்டைக் குரலும் ஐந்து கட்டைக் குரலும்

ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், பட்டாபிராம்: டைடல் பூங்காவில் வேலை பார்க்கும் என் மருமகன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பல்கேரிய ஓபரா கேட்கிறார். யாரோ அடிவயிற்றிலிருந்து உறுமுவது பக்கத்து அறைக்கே கேட்கிறது. இது எதில் போய் முடியும் சார்?

உங்களுக்கும் பிடித்துப்போவதில் முடியலாம், ஜாக்கிரதை. உறுமுகிறவர் அநேகமாக போரிஸ் கிறிஸ்டாஃப். 1914-ல் பல்கேரியாவின் ப்ளோவ்திவ் நகரில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு ஒரு பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தார். நாட்டு ராஜாவின் காதில் அது விழுந்தது. 1942-ல் படிப்புச் செலவைக் கொடுத்து இத்தாலிக்கு அனுப்பிவிட்டார். ராஜாவின் பெயரும் போரிஸ். அப்புறம் கிறிஸ்டாஃப் உலகமெல்லாம் பேர் வாங்கிய வேஷம், முசோர்க்ஸ்கியின் ஓபராவில் வரும் போரிஸ் கோதுனோவ் என்ற ருஷ்ய ஜார். இத்தனை போரிஸும் போதாதென்று, அந்த ஓபராவை இசைத்தட்டுக்குப் பதிவு செய்தபோது ஜார், கிழத் துறவி, குடிகாரச் சாமியார் ஆகிய மூன்று வேஷத்தையும் அவரே பாடினார். 1952-ல் ஒரு தடவை, 1962-ல் இன்னொரு தடவை. நம் கமல்ஹாசன் பத்து வேஷம் போட்டதற்கு அரை நூற்றாண்டு முன்னால்.

வாசகர், திருநின்றவூர்: ஓபரா என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

நாடகம் முழுவதையும் பாடியே தீர்ப்பது. மைக் கிடையாது, மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் எழுபது எண்பது பேர் வாத்தியம் வாசிப்பார்கள், அத்தனை பேரையும் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். ஒரு வரியைத் தாண்டிவிட்டது, மன்னிக்கவும். ஓபராவில் எதுவுமே ஒரு வரியில் முடியாது.

வாசகி, அண்ணனூர்: 'லா டிராவியாட்டா' பார்த்தேன். கதாநாயகிக்குக் காசநோய். டாக்டர் கைவிட்ட பிறகும் பாடிக்கொண்டே இருக்கிறாள். இதையெல்லாம் நம்புகிறார்களா?

'சத்தியவான் சாவித்திரி' ஆடிய நாட்டில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது? புருஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எமன் நிற்பான். சாவித்திரி பாடுவாள். எமன் பதிலுக்குப் பாடுவான். கூட்டம் 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினால் இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதுவரை சத்தியவான் பொறுமையாகப் படுத்திருப்பார். உங்கள் ஓபராவை எழுதிய வெர்டி அவ்வளவு தூரம் போகவில்லை.

வாசகர், சேக்காடு: ஐரோப்பாவுக்கு ஓபரா இருக்கிறது. தமிழனுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

வருத்தத்தை வாபஸ் வாங்குங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் சீர்காழி அருணாசலக் கவிராயர் ராமாயணம் மொத்தத்தையும் 'ராம நாடக'மாகப் பாடிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். அது 1861-ல் காரைக்காலில் அச்சானதற்கு அங்கிருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆர்வம்தான் காரணம். ஆக, பாரிஸில் ஓபரா பார்த்து வளர்ந்த இனத்துக்காரனுக்கு இதுவும் என்ன வகை என்று அப்போதே புரிந்திருக்கிறது.

பிறகு வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அபிமன்யு சுந்தரி, லவகுசா... தமிழ்நாட்டு மேடை ஐம்பது வருஷம் பாடிய சரக்கில் பெரும்பகுதி அவர் கை எழுத்து. ஆரம்பத்தில் அவரும் வேஷம் கட்டினார். எமன், சனீஸ்வரன் மாதிரி வேஷங்கள். எமனாக வந்தபோது ஒரு கர்ப்பிணி பயந்து கரு கலைந்துவிட்டதாகவும், அதிலிருந்து அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் சொல்வார்கள். கிறிஸ்டாஃப் பேயைப் பார்த்து அலறுகிற ஜார் காட்சியைக் கேட்டுப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த அளவுக்கு யாரும் போனதாகத் தகவல் இல்லை.

எழுதுவதோடு மட்டும் நில்லாமல் சுவாமிகள் ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார். 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பையன்களுக்குப் பாட்டும் வசனமும் நெட்டுருப் போட வைத்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே தயாரான சரக்கு.

நர்சிங் மாணவி, ஆவடி: பாடகர்களில் கோபக்காரர் யார்?

போட்டி கடுமை. ஆனாலும் கிறிஸ்டாஃபுக்கே கோப்பை. ரோம் நகரில் கூடப் பாடிய பாடகி மரியா காலஸ் தனியாகப் போய்க் கைதட்டல் வாங்கப் பார்த்தபோது, போனால் எல்லோரும் போவோம் என்று தன் பருத்த உடம்பால் வழியை மறித்தாராம். அதே ரோமில் 1958-ல் 'டான் கார்லோ' என்ற ஓபரா. இவர் ராஜா, ஃபிராங்கோ கொரெல்லி இளவரசர். இருவரும் வாளை உருவ வேண்டிய கட்டத்தில் நாடகம் எங்கே முடிந்து நிஜம் எங்கே ஆரம்பித்தது என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

ஆனால் அவருக்கு நியாயமான கோபம் ஒன்று உண்டு. 1950-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா, புது நிர்வாகியின் முதல் சீசன் முதல் நாளுக்கு அவரைத்தான் அழைத்தது. கம்யூனிஸ்ட் நாட்டுக்காரர் என்று அமெரிக்கா விசா தரவில்லை. வேறொருவர் பாடினார். 1956-ல் சான் ஃபிரான்சிஸ்கோ வரைக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தவர், கடைசிவரை மெட்ரோபாலிட்டன் மேடையில் மட்டும் கால் வைக்கவே இல்லை.

இசை ஆசிரியை, நெமிலிச்சேரி: கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டைக் கேட்டால் பெண் பாடுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள் என் மாணவிகள். என்ன பதில் சொல்ல?

ஆர்மோனியத்தைத் திறந்து காட்டுங்கள். இன்றைய ஆண் வித்வான்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைச் சுருதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்களுக்கு நாலரை, ஐந்து. செங்கோட்டை கிட்டப்பா ஐந்து கட்டையில் பாடினார் என்பது கேட்டவர்கள் கணக்கு. அவர் மட்டும் அல்ல, அந்தக் காலத்து ராஜபார்ட் யாரானாலும் ஏறக்குறைய அங்கேதான் நிற்க வேண்டும். ஸ்திரீபார்ட்டும் அதே சுருதி, ஆர்மோனியமும் அதே சுருதி. மைக் இல்லாத கொட்டகையில் கீழ்க்குரல் பத்தாவது வரிசையிலேயே செத்துவிடும்.

இதன் அருமை ஒரு கணக்குப் போட்டால் தெரியும். ஐந்து கட்டையில் பாடும் ஆண் மேல் ஸ்தாயி மத்யமத்தைத் தொட்டால், அது டெனர் என்ற உச்ச ஆண் குரல் கொண்ட இத்தாலியப் பாடகர்கள் வாழ்நாள் முழுவதும் பயந்து பயந்து தொடுகிற 'ஹை சி'. டெனர் அதை ஒரு பாட்டில் ஒரு தடவை பிடித்தாலே அரங்கம் எழுந்து நிற்கும். நம் ஆள் மேல் பஞ்சமத்தில் நின்று பிருகா உருட்டிவிட்டு, அடுத்த அடிக்குக் கீழே வந்து, விடியும்வரை இதையே செய்ய வேண்டும். அடுத்த நாள் அடுத்த ஊர்.

1906-ல் பிறந்த அந்தக் குரல் 1933 டிசம்பர் 2-ம் தேதி நின்றுவிட்டது. வயது 27. ஒரு சினிமாவில்கூட நடிக்கவில்லை. கிறிஸ்டாஃப் 27 வயதில் ஓபரா மேடை ஏறவே இல்லை என்பதை மாணவிகளிடம் சொல்லுங்கள்.

வாசகி, மிட்டனமல்லி: கே. பி. சுந்தராம்பாளை ஓபரா மேடையில் நிறுத்தினால்?

மேடை தாங்குமா என்பதுதான் கேள்வி. பல்கேரியாவில் கெனா டிமித்ரோவா என்று ஒருவர் இருந்தார். 'டூரண்டாட்' என்ற ஓபராவின் சீன இளவரசி வேஷம் அவருக்கென்றே எழுதியது போல. 1983-ல் வெரோனா நகரத்தில், ரோமாபுரிக் காலத்துத் திறந்தவெளி அரங்கில், பல ஆயிரம் பேருக்கு மைக் இல்லாமல் பாடினார். அந்த வரிசையில் தயங்காமல் உட்கார வைக்கக்கூடிய ஒரே தமிழ்க் குரல் கொடுமுடிக் குரல். 'ஔவையார்' படத்தில் கேளுங்கள். ஒலிவாங்கி கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டது தெரியும்.

ரயிலில் பாடிக்கொண்டிருந்த ஏழைச் சிறுமி என்று ஆரம்பிப்பார்கள் அந்தக் கதையை. நாடகக் கம்பெனி, இலங்கை மேடை, அங்கே கிட்டப்பாவோடு ஜோடி, 1927-ல் கல்யாணம். ஏற்கெனவே மணமானவரோடு நடந்த கல்யாணம். சண்டையும் பிரிவும் கடிதமுமாகப் போனது. கிட்டப்பா இறந்தபோது அம்மாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவை கட்டினார்; இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றார்; செய்தும் காட்டினார். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து அழைத்தபோது நந்தனாராகவே நடித்தார். எதிரில் வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஒரு லட்சத்துக்கு அன்றைக்கு என்ன வாங்கலாம் என்று பட்டாபிராமில் மனை விற்பவரிடம் மட்டும் கேட்காதீர்கள், அவர் மயங்கி விழுவார். 1951-ல் சட்ட மேலவைக்குப் போனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகும் பாதையில் முதல் காலடி அவருடையது. பிறகு அந்தப் பாதையில் ஏற்பட்ட நெரிசலுக்கு அவர் பொறுப்பல்ல.

சோகத்தையே ராகமாகப் போட்டு விற்காமல், அதை மூடிவைத்துக்கொண்டு சாமிப் பாட்டு பாடினாரே, அங்கேதான் எனக்கு அவர் எந்த ஓபராக் கதாநாயகியையும்விடப் பெரியவராகத் தெரிகிறார்.

வாசகர், தண்டுரை: பல்கேரியப் பாடகர்களின் காதல் கதை ஏதும்?

நிகோலாய் கியாவுரோவ். வெலிங்கிராட் ஊர்க்காரர், 1929-ல் பிறந்தவர், கிறிஸ்டாஃபுக்கு அடுத்த தலைமுறைக் கட்டைக் குரல், அதாவது பேஸ். இத்தாலிய சொப்ரானோ பாடகி மிரெல்லா ஃப்ரேனியைக் கட்டிக்கொண்டு அவருடைய ஊரான மொடேனாவிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டார். 2004-ல் அங்கேயே காலமானார். ஓபராவில் பேஸ் குரல்காரனுக்குக் கதாநாயகி கிடைக்கவே மாட்டாள்; அவள் டெனரோடு போய்விடுவாள். கியாவுரோவ் அதற்கு வீட்டில் பழிவாங்கினார்.

கல்லூரிப் பேராசிரியர், பட்டாபிராம்: பல்கேரியாவின் மக்கள்தொகை 65 லட்சம்தான். நம் சென்னைப் பெருநகரம் அதைவிடப் பெரிது. அங்கிருந்து மட்டும் எப்படி இவ்வளவு குரல்?

தண்ணீர், தயிர், மலைக்காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தயிருக்கு நாமும் குறைந்தவர்கள் இல்லை. எனக்குப் பட்டது இரண்டு. ஒன்று, அவர்களுடைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் வாத்தியமே கிடையாது. வழிபாடு முழுவதும் வெறுங்குரல். அடியில் தாங்கிப் பிடிக்கக் கனமான ஆண் குரல் ஊருக்கு ஊர் தேவை. கிறிஸ்டாஃப் சோபியாவின் பெரிய தேவாலயக் குழுவில் பாடியவர்தான்.

இன்னொன்று, நிர்வாகம். 1878 வரை துருக்கி சுல்தானுக்குக் கீழே கிடந்த நாடு அது. சொந்த மொழியில் முதல் ஓபரா 1900-ல்தான் வந்தது. 1908-ல் சோபியாவில் பாடகர்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். 1922-ல் அது தேசிய ஓபரா ஆகிவிட்டது. பின்னால் ஸ்டாரா ஸகோரா, வர்னா, ரூசே, ப்ளோவ்திவ், பூர்காஸ் என்று நம் வேலூர், சேலம் அளவுகூட இல்லாத ஊர்களில் அரசாங்க ஓபரா. மாதச் சம்பளம், ஆர்கெஸ்ட்ரா, கற்றுக்கொடுக்க இசைக் கல்லூரி. பையன் குரலோடு பிறந்தால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. ரைனா கபைவான்ஸ்கா, அன்னா டொமோவா-சிந்தோவ், இன்றைக்கு ப்ளோவ்திவின் சோன்யா யோன்செவா வரைக்கும் இந்த வாசல் வழியாக வந்தவர்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் புதுச்சேரியில் காலமானதும் அதே 1922-ல்தான். அவர் வளர்த்த மேடைக்கு அரசாங்கக் கட்டடமும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒன்பது வருஷத்தில் 'காளிதாஸ்' பேசும் படம் வந்தது. அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1934-ல் 'பவளக்கொடி' நாடகம் அப்படியே ஐம்பது பாட்டோடு படமாகி, தியாகராஜ பாகவதர் மேடையை விட்டுத் திரைக்குப் போனார். பத்து வருஷம் கழித்து அவருடைய 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. ஓபராவை நாம் இழந்துவிடவில்லை, டப்பாவில் அடைத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டோம். நாடகம் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் விருது கொடுத்தோம், கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். வருஷம் முழுக்க ஆட ஒரு கொட்டகை கேட்டால்தான் நமக்கு நிதி நெருக்கடி.

அதே பேராசிரியர்: சினிமாவைக் குறை சொல்கிறீர்களா?

இல்லை. இத்தாலியில் ஓபராவும் இருக்கிறது, சினிமாவும் இருக்கிறது.

வாசகர், முத்தாபுதுப்பேட்டை: தினமும் மின்சார ரயிலில் சென்ட்ரல் போகிறேன். இந்தச் சரித்திரம் எதையாவது வழியில் பார்க்க முடியுமா?

வழியில் வேண்டாம், இறங்கிய இடத்திலேயே பார்க்கலாம். சென்ட்ரலுக்கு ஒரு பக்கம் வால்டாக்ஸ் ரோடு. ஒற்றைவாடைக் கொட்டகை அங்கேதான் இருந்தது. பாய்ஸ் கம்பெனிகளும் பெரிய ராஜபார்ட்டுகளும் ராத்திரி ராத்திரி முழங்கிய இடம். இன்னொரு பக்கம், ரிப்பன் மாளிகைக்கு அடுத்து, 1888-ல் திறந்த செங்கல் நிற விக்டோரியா பப்ளிக் ஹால். அங்கே பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை ஆடியது. 1891-ல் பல்லாரியிலிருந்து வந்த ஒரு நாடகக் குழுவைப் பார்த்து உந்தப்பட்டு அவர் தொடங்கிய சபை. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டினார்கள், தீரர் சத்தியமூர்த்திகூட. முதலியார் பாட்டைக் குறைத்தார், வசனத்தை ஏற்றினார், விடிய விடிய ஆடியதை மூன்று மணி நேரத்தில் முடித்தார். அவர் நீதிபதியாக இருந்தவர். வாய்தா பிடிக்காது போலும்.

ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் பாட்டு, அந்தப் பக்கம் வசனம். நடுவில் நீங்கள் ஆறரை மணி லோக்கலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

வாசகி, சித்துக்காடு: ஒத்திகையே இல்லாமல் நாடகம் போடுகிறார்களாமே, உண்மையா?

ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் உண்டு. கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் மூன்றாவது ஊர். ஏஜெண்ட் தனித்தனியாகத் தேதி வாங்கிச் சேர்த்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் முகத்தைப் பார்ப்பார்கள். வள்ளி திருமணம் என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம்தான் உச்சம். யார் எந்தக் கேள்வியைப் போடுவார், எந்த ராகத்தில் எடுப்பார் என்று எதிராளிக்குத் தெரியாது. ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடிக்கொண்டு இருவரையும் கரை சேர்க்க வேண்டும். மிலான் நகரத்து லா ஸ்காலாவில் இப்படி ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. கிறிஸ்டாஃப் நாரதர், காலஸ் வள்ளி. தர்க்கம் தேவைப்படாது, நேராகப் போலீஸ்.

வாசகர், இந்துக் கல்லூரி ஸ்டேஷன் அருகில்: ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஆகாது என்கிறாரே என் பாட்டு வாத்தியார்?

அகில இந்திய வானொலியும் அப்படித்தான் நினைத்தது. 1940-ல் வெளியேற்றி, முப்பது வருஷம் வாசலில் நிற்க வைத்தது. கமகம் வராது என்பது வாஸ்தவம். ஆனால் நாடக மேடையில் அந்தப் பெட்டிதான் எண்பது பேர் ஆர்கெஸ்ட்ரா. வாத்தியாரை ஒரு ராத்திரி வள்ளி திருமணத்துக்குக் கூட்டிப்போங்கள்.

மாணவி, ஆவடி: ஓபராவில் தமிழர்கள் வருகிறார்களா?

பக்கத்தில் வந்துவிட்டார்கள். பிஸே 1863-ல் எழுதிய 'முத்துக்குளிப்பவர்கள்' இலங்கைக் கரையில் நடக்கிறது. முதலில் மெக்சிகோவில் நடப்பதாக இருந்ததாம். கதாசிரியர்கள் அப்படியே தூக்கி இலங்கையில் வைத்துவிட்டார்கள். மன்னாரில் மூச்சடக்கி முத்தெடுத்த பரதவரோ நாதிர், ஸூர்கா என்ற பேர்களைக் கேட்டிருந்தால் கரையேறியிருக்க மாட்டார். பாட்டு மட்டும் அமிர்தம்.

இன்னொரு சங்கதி ருசியானது. பிலிப் கிளாஸ் காந்தியைப் பற்றி எழுதிய 'சத்யாகிரஹா' 1980-ல் ராட்டர்டாமில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்கக் கதை, பாடுவதெல்லாம் கீதையின் சமஸ்கிருதம். 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் காந்தியாகப் பாடியவர் ஷான் பணிக்கர் என்ற இலங்கை வம்சாவளி அமெரிக்க டெனர். காந்தி சிறுவனாகப் பார்த்துப் பார்த்து அழுத நாடகம் அரிச்சந்திரன். அதே அரிச்சந்திரனின் மயான காண்டத்தை யாழ்ப்பாண மண்ணில் வாழ்நாள் முழுவதும் பாடி ஆடியவர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து. காந்தி அதைப் பார்த்திருந்தால் ஓபரா ஆசிரியருக்கு இன்னொரு அங்கம் கிடைத்திருக்கும்.

வாசகர், பட்டாபிராம்: வானத்துக்குக்கூடப் பல்கேரியக் குரல் போயிருக்கிறதாமே?

1977-ல் வாயேஜர் விண்கலத்தில் வைத்த தங்கத் தட்டில் வால்யா பால்கான்ஸ்கா என்ற நாட்டுப்புறப் பாடகி இருக்கிறார். ஓபரா அல்ல, மலைக்காட்டுப் பாட்டு, துருத்திக் குழல் துணை. அதே தட்டில் நம் இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கரும் இருக்கிறார். இருவரும் சூரிய மண்டலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே கேட்பவர் ஆர்மோனியம் எங்கே என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

கல்லூரி மாணவன், பட்டாபிராம்: எனக்குத் தொண்டை பயங்கரக் கட்டை. கச்சேரிக்கு ஆகாது, சினிமாவில் டூயட் தர மாட்டார்கள். என்னதான் செய்வது சார்?

தம்பி, நீ பிறந்த இடம்தான் தப்பு, தொண்டை தப்பில்லை. ஓபராவில் ராஜா, பெரிய குரு, அப்பா, பிசாசு எல்லாம் உன் குரலுக்குத்தான். 'டான் கார்லோ'வில் கிழ ராஜா ராத்திரியெல்லாம் தூங்காமல், மனைவிக்குத் தன்மேல் ஒருநாளும் அன்பு இருந்ததில்லை என்று தனியே உட்கார்ந்து புலம்பும் இடம் ஒன்று உண்டு. முதலில் கிறிஸ்டாஃப் பாடியதைக் கேள், பிறகு கியாவுரோவ். முதலாமவர் கோபத்தை அடக்குகிறார், இரண்டாமவர் அழுகையை. அன்றைக்கு ராத்திரி உனக்கும் தூக்கம் வராது. நம் பக்கத்தில் உடனடியாக வேண்டுமென்றால் திருவள்ளூர் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில் ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும்போது வாத்தியாரைப் போய்ப் பார். திரை பிடித்து உள்ளேயிருந்து குரல் கொடுக்கும் துரியோதனனுக்குக் கனம் வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே. சாப்பாடு நன்றாக இருக்கும்.